கடற்கரையில் பழகிய கால் மலை ஏறுமா?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. இரண்டு வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 100 கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். வருகிற ஜனவரியில் போடி, மூணாறு, மறையூர், உடுமலை, பழநி, கொடைக்கானல், வத்தலக்குண்டு என்று மூன்றே நாளில் ஒரு சுற்று வர ஆசை. “நம்ம ஊரில் மேடே கிடையாது. என்னால் ஏற முடியுமா? என்ன கியர் போடணும்? எங்கே பயிற்சி எடுப்பது? தனியாகப் போகலாமா?” என்பது அவர் கேள்வி. கேள்வி முழுக்க ஏற்றத்தைப் பற்றித்தான் இருக்கிறது, இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மண்டபத்துக்காரன். பதினான்கு வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். இந்தச் சுற்றை முழுதாக இரண்டு தடவையும், துண்டு துண்டாகப் பல தடவையும் போயிருக்கிறேன். பயிற்சியாளர் சான்றிதழோ மருத்துவப் படிப்போ எனக்குக் கிடையாது. உடம்பைப் பற்றி நான் சொல்வது என் உடம்பையும் கூட ஓட்டியவர்களையும் பார்த்துச் சொல்வது. சாலையையும் சைக்கிளையும் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பலாம்.

முதலில் ஒரு சந்தோஷமான செய்தி. கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வரும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கே முடிகிறது தெரியுமா? நம்ம மாவட்டத்துத் தொண்டியில். நீங்கள் ஏறப் போகும் சாலையின் கடைசி முனை கடல் மட்டத்தில், நம்ம பக்கத்திலேயேதான் கிடக்கிறது.

ஏற முடியுமா என்றால், முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் கச்சான், மேற்கிலிருந்து அடிக்கும் நம்ம ஊர்க் காற்று. ஆடி, ஆவணியில் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் பார்த்து ஓட்டியிருப்பீர்கள். சைக்கிள் பதினைந்தைத் தாண்டாது, மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். மலை ஏற்றமும் இதேதான். நான் ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வீசும் காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், காற்று தள்ளும் விசை ஏறக்குறைய நாலு, நாலரை சதவீதச் சரிவுக்குச் சமமாக வருகிறது. போடிமெட்டு ஏற்றத்தின் சராசரி ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். ஆக மேடு இல்லாத ஊர் என்று நீங்கள் சொல்வது பாதிதான் உண்மை. நம்ம மேடு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

காற்றுக்கும் மலைக்கும் வித்தியாசம் இல்லாமல் இல்லை. காற்றில் குனிந்துகொண்டால் பாரம் குறையும், மலையில் குனிந்து பிரயோசனம் இல்லை. காற்று சில நேரம் அடங்கும், சரிவு அடங்காது. அப்புறம், எடை. எதிர்க்காற்றுக்கு உங்கள் தொப்பையைப் பற்றிக் கவலை கிடையாது, மலைக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. வயிற்றைக் குறைப்பது லேசான சைக்கிள் வாங்குவதைவிட மலிவு என்பதை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.

பயிற்சிக்கு எல்லோரும் பாம்பன் பாலத்தைத்தான் சொல்வார்கள். 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், நடுவில் ஒரு முதுகு. அதில் பத்துத் தடவை ஏறி இறங்கினாலும் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஈடாகாது. போதாததற்குப் பாலத்து மேலே காரை நிறுத்திக் கடலைப் பார்க்கிறவர்கள் திடீரென்று கதவைத் திறப்பார்கள், பக்கக் காற்று வேறு ஆளைத் தள்ளும். அதை விட்டுவிடுங்கள். கச்சான் காலத்தில் மேற்கே பார்த்து, வாடை தொடங்கியதும் தேவிபட்டினம், உப்பூர் பக்கம் வடக்கே பார்த்து, இருபது நிமிடம் நிறுத்தாமல் கனமான கியரில் மிதியுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு இன்னொரு இருபது. வாரம் இரண்டு நாள் இது போதும். ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை போய்த் திரும்பினால் 150 கிலோமீட்டர் தேறும். மாதம் ஒரு தடவையாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நீளமாக ஓட்டுங்கள். மலைச் சுற்றில் கால் கெஞ்சுவது முதல் நாள் அல்ல, இரண்டாம் நாள் காலையில்தான்.

கியர் விஷயம். உங்கள் சைக்கிளில் முன்னால் 53–39 பல், பின்னால் 11–25 பல் என்று எழுதியிருக்கிறீர்கள். சமதரைக்கு ராஜா, மலைக்கு எமன். 39க்கு 25 போட்டால் ஒரு மிதிக்கு, அதாவது மிதி ஒரு முழுச் சுற்று வர, வண்டி மூன்றே கால் மீட்டருக்கு மேல் நகரும். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது நிமிடத்துக்கு நாற்பது மிதிதான் விழும். அந்த மிதியில் இரண்டு மணி நேரம் போனால் முழங்கால் பழிவாங்கிவிடும். முன்னால் 50–34, பின்னால் 11–32 அல்லது 11–34 போடுங்கள். 34க்கு 32 என்றால் ஒரு மிதிக்கு 2.2 மீட்டர்தான். அறுபது, அறுபத்தைந்து மிதியில் நிதானமாக ஏறலாம். பின் கேசட்டை, அதாவது பின் பல்சக்கர அடுக்கைப் பெரிதாக்கினால், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பழைய குட்டைக் கை டீரெய்லர் பல நேரம் ஒத்துக்கொள்ளாது. நீளக் கை டீரெய்லரும், நீளம் கூட்டிய செயினும் வேண்டியிருக்கும். மெக்கானிக்கிடம் இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். இதைப் பயணத்துக்கு முதல் வாரம் செய்யாமல் இரண்டு மாதம் முன்னதாகவே செய்து ஓட்டிப் பழகிவிடுங்கள்.

இப்போது திட்டம். நீங்கள் கிலோமீட்டரை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள். தப்பு அங்கேதான். மலையில் கணக்கு மீட்டரிலும் மணியிலும்தான். போடியிலிருந்து முந்தல் வரை கால் சூடாகும், அதற்கு மேல் ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் சுமார் ஆயிரம் மீட்டர் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டி போடிமெட்டு. உங்கள் வேகத்துக்கு நிற்காமல் இரண்டு மணி நேரம், நின்று படம் எடுத்தால் மூன்று. அதோடு முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அங்கிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நடுவே பூப்பாறைக்கு இறங்கி, மறுபடியும் சின்னக்கானல், கேப் ரோடு என்று பல நூறு மீட்டர் ஏறித்தான் தேவிகுளம், மூணாறு. போடியிலிருந்து மூணாறு எழுபது கிலோமீட்டர்தானே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பிய என் நண்பர் ஒருவர் சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் நம்மைவிட நன்றாக ஓட்டுகிறவர்.

இரண்டாம் நாள் மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலை. பெரும்பாலும் இறக்கம். மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் பக்கம் நின்று சூடாக வெல்லம் தின்னலாம், அந்த வெல்லத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் சின்னாறு மழை மறைவுப் பிரதேசம், மத்தியானத்தில் நம்ம சாயல்குடி வெயிலை நினைவுபடுத்தும். காட்டுச் சாலையை இரவில் மூடிவிடுவார்கள். அந்த நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும், சைக்கிளை விடுவதும் அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. முதல் நாளே மறையூர்ப் பக்கம் விசாரித்துவிட்டு, மத்தியானத்துக்குள் இரண்டு சோதனைச் சாவடியையும் தாண்டிவிடுகிற மாதிரிப் புறப்படுங்கள். உடுமலையிலிருந்து பழநி சமதரை.

மூன்றாம் நாள் பழநியிலிருந்து கொடைக்கானல். 64 கிலோமீட்டர், ஆயிரத்து எண்ணூறு மீட்டர் ஏற்றம். இந்தச் சுற்றிலேயே பெரிய நாள் இதுதான். நீங்கள் அன்றைக்கே வத்தலக்குண்டுக்கு இறங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் செய்ய வேண்டாம். கொடைக்கானலில் தங்கி, நாலாம் நாள் வெயில் வந்த பிறகு இறங்குங்கள். மூன்று நாள் சுற்று நாலு நாள் ஆகும். லீவு கிடைக்காது என்றால் பழநி–கொடைக்கானலை வெட்டிவிட்டுப் பழநியிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வாருங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம்ம கடற்கரை சொல்லித் தராத ஒரே பாடம் இறக்கம். நமக்கு நீண்ட இறக்கம் தெரியாது, தொடர்ந்து பிரேக் பிடித்துப் பழக்கமே இல்லை, வளைவில் சைக்கிளைச் சாய்த்ததும் இல்லை. கொடைக்கானலிலிருந்து அடிவாரத்துக்கு 85 கிலோ இறங்கும்போது வெளியாகும் சக்தி ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது, மீதி முழுக்க உங்கள் பிரேக்கில் இறங்குகிறது.

எனக்கு இது புத்தியில் ஏறியது பழநி மலைச் சாலையில். முதல் தடவை இறங்குகிறேன், பயம். இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்திப் பிடித்தபடியே அரை மணி நேரம் வந்தேன். வேகம் இருபத்தைந்தைத் தாண்டவில்லை, பத்திரமாகத்தான் இறங்குகிறோம் என்ற நினைப்பு. ரப்பர் கருகிய வாசனை வந்தது, முன்னால் போன லாரி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன் டியூப். ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்தது, மலைப் பக்கக் கானில், அதாவது சாலையோர வடிகாலில் போய் விழுந்தேன். எதிர்ப் பக்கம் இழுத்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. எழுந்து ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், ஆட்காட்டி விரல் நுனித் தோல் சுருக்கென்று ஒட்டிக்கொண்டது. மெதுவாக இறங்குவதும் பத்திரமாக இறங்குவதும் ஒன்றல்ல என்று அன்றைக்குப் புரிந்தது.

செய்ய வேண்டியது இதுதான். நேரான பகுதியில் பிரேக்கை விட்டுவிடுங்கள், காற்று உங்களைப் பிடித்துக்கொள்ளும், ரிம்மும் ஆறும். வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து விடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தொடாதீர்கள். வெளிப்பக்க மிதி கீழே, உடம்பின் பாரம் அதன் மேல், கண் வளைவின் கடைசியில். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும், இது விளையாட்டுப் பேச்சில்லை. கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்து இறங்குவதைவிட, கீழ் வளைவைப் பிடித்தால் பிரேக் விரலுக்கு நன்றாகக் கிடைக்கும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று கையை உதறுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் டியூப் வெடிக்கும் பயம் குறைவு, ஆனால் தேய்த்துக்கொண்டே வந்தால் அதுவும் சூடேறிப் பிடியை இழக்கும். பிரேக் கட்டை பாதி தேய்ந்திருந்தால் புதுசு போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இதைப் பழக நம்ம மாவட்டத்தில் இடமே இல்லை. டிசம்பருக்குள் ஒரு சனிக்கிழமை திண்டுக்கல் போய்ச் சிறுமலை ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, கூட்டமும் கொடைக்கானல் அளவுக்கு இருக்காது. ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கினால் உங்கள் கியர், பிரேக், மனது மூன்றும் தேறுமா என்று தெரிந்துவிடும். அதில் கை நடுங்கினால் ஜனவரியை மார்ச்சுக்குத் தள்ளி வையுங்கள்.

சீமைக் கருவேல முள். ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் ஓட்டுகிற யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் மலைக்குப் போகும்போது இதை மறந்துவிடுகிறோம். முள் முழுதாகக் குத்தினால் டியூப் உடனே இறங்கிவிடும், பஞ்சர் ஒட்டிவிடுவோம். முனை ஒடிந்து டயர் ரப்பருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் சில்லுதான் மோசம். சமதரையில் வாரக் கணக்கில் சும்மா இருக்கும். இறக்கத்தில் டயர் சூடாகி, பாரம் முன் சக்கரத்துக்கு வந்து, அப்போது பார்த்து வேலையைக் காட்டும். கிளம்பும் முன்னால் இரண்டு டயரையும் கழற்றி, ஒரு துண்டுப் பஞ்சை உள்பக்கமாகச் சுற்றிலும் தேய்த்துக்கொண்டே வாருங்கள். பஞ்சு எங்கே நூல் பிடிக்கிறதோ அங்கே முள் இருக்கிறது. வெறும் விரலால் தேடினால் விரல்தான் கண்டுபிடிக்கும். போன தடவை என் பின் டயரில் மூன்று எடுத்தேன், ஒன்று அரிசி நொய் அளவு. முடிந்தால் 28 மில்லிமீட்டர் புது டயர், இரண்டு உபரி டியூப்.

போடி சாலைக்கே உரிய ஒரு சமாச்சாரம், ஜீப். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஜீப்புகள் வரிசையாக மேலே போகும், சாயங்காலம் அதே வரிசை கீழே வரும். வளைவு ஒவ்வொன்றும் அந்த டிரைவர்களுக்கு மனப்பாடம், அதனால் வேகமாகத்தான் வருவார்கள். காலையில் அவர்கள் உங்களோடு ஏறுகிறார்கள், அது பரவாயில்லை, ஓரமாகப் போனால் ஹார்ன் அடித்துத் தாண்டிவிடுவார்கள். மூன்று மணிக்கு மேல் அந்த மலையில் இருக்கக் கூடாது. பஸ் வளைவில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும், அதோடு உள்பக்கமாக நுழைந்து போட்டி போடாதீர்கள். இறங்கும்போது ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது சட்டமும்கூட.

யானை உண்டு. பூப்பாறை, சின்னக்கானல் பகுதி அவற்றின் வழித்தடம். 2023இல் சின்னக்கானலில் பிடித்து வேறு காட்டில் விட்டும், அடுத்த மாதமே கம்பம் ஊருக்குள் நடந்து வந்த அரிசிக்கொம்பனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விடிவதற்கு முன்னாலும் இருட்டிய பிறகும் அந்தப் பகுதியில் சைக்கிள் வேண்டாம். செல்போன் வரைபடம் சில நேரம் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு குறுக்கு வழி காட்டும். அது நடைபாதை, சாலை இல்லை. 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது அந்தக் குரங்கணி மலையில்தான்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. பசிக்கும் முன்னால் தின்ன வேண்டும், மணிக்கு ஒரு வாழைப்பழமும் நெல்லிக்காய் அளவு இரண்டு துண்டு கருப்பட்டியும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. கடைகளில் விற்கும் ஜெல் பாக்கெட்டை விட நம்ம ஊர்ப் பனங்கருப்பட்டி வாய்க்குச் சலிப்பதில்லை. தண்ணீரில் உப்பும் எலுமிச்சையும். உங்கள் வயிறு எதை ஏற்கும் என்பதை அரிச்சல்முனை ஓட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.

குளிரை நாம் குறைவாக மதிப்பிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஏறும்போது வேர்வையில் நனைந்த பனியனோடு அப்படியே இறங்கினால் ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. மேலே போனதும் டீக்கடையில் ஒரு பழைய தினசரியைக் கேட்டு வாங்கி நெஞ்சுக்கும் பனியனுக்கும் நடுவே செருகிக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். ஜனவரியில் மூணாறு விடியற்காலை உறைபனி வரைக்கும் போகும், எட்டு மணிக்கு முன்னால் புறப்பட வேண்டாம்.

ஜனவரி சரியான மாதமா? மழையைப் பொறுத்தவரை சரி. தென்மேற்குப் பருவத்தில் கேப் ரோட்டில் மண் சரியும், வடகிழக்குப் பருவத்தில் கிழக்குச் சரிவு முழுக்க நனைந்து கிடக்கும், ஏப்ரல், மே மாதம் கார்க் கூட்டம். ஆனால் ஜனவரி நடு வரைக்கும் தேனி பக்கம் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள், அப்புறம் பொங்கல் விடுமுறை, அதற்குப் பிறகு தைப்பூசம். நம்ம பக்கத்திலிருந்தே எத்தனை பேர் பழநிக்கு நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாரம் பழநியில் அறையும் கிடைக்காது, சாலை ஓரமும் கிடைக்காது. காலண்டரில் தைப்பூசத்தைப் பார்த்துவிட்டு, அது கழிந்த வாரத்துச் செவ்வாயில் தொடங்குங்கள். வார நாளில் மலை நமக்குத்தான்.

ராமநாதபுரத்திலிருந்தே மிதித்துப் போக ஆசைப்படாதீர்கள், மதுரைக்கே 115 கிலோமீட்டர். 2023இலிருந்து போடி வரைக்கும் ரயில் மறுபடி ஓடுகிறது. மதுரைக்குப் போய் மாறிக்கொள்ளலாம், சைக்கிளை லக்கேஜாகப் பதிய முன்கூட்டியே போய் நில்லுங்கள். டீரெய்லர் இருக்கும் வலப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள், அதன் மேல் யாரும் மூட்டை வைக்காமல் ஏற்றி முடிக்கிற வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

தனியாகப் போகலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஏறுவதற்குத் துணை வேண்டியதில்லை, ஆளுக்கொரு வேகம் என்பதால் எப்படியும் பிரிந்துதான் போவீர்கள். இறங்குவதற்கு வேண்டும். கானில் விழுந்து கிடந்த பத்து நிமிடம் அந்தச் சாலையில் ஒரு வண்டியும் வரவில்லை. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இளவயதில் இதய நோய் இருந்தாலோ, என்னைக் கேட்காமல் மருத்துவரைக் கேளுங்கள். அது சரியாக இருந்து, துணைக்கு ஆளும் அமையவில்லை என்றால், பிப்ரவரியில் எனக்கு நாலு நாள் லீவு இருக்கிறது. சிறுமலையை முடித்துவிட்டு எழுதுங்கள்.